அச்சம் குடிவழிச் சொத்தா?
பல்கீயின் ஏடு முதல் மரபணு ஆய்வு வரை ஒரு வரலாற்று நோக்கு

விருதுநகரிலிருந்து சிவகாசி நோக்கிச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் ஆமத்தூர். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் உழவும் பொய்க்கும். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் பின் இவ்வட்டாரத்தின் வாழ்வு முதலில் தீக்குச்சியோடும் பின்னர் பட்டாசோடும் பிணைந்தது. உழவனுக்குப் பகையான வறண்ட வெயிலே மருந்து உலர்த்தும் தொழிலுக்குத் துணையாயிற்று. அத்துணைக்கு இம்மக்கள் கொடுத்த விலையும் பெரிது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மாண்டோரைப் பற்றிச் செய்தி ஏடுகள் எழுதுகின்றன. உயிர் தப்பியோரின் நெஞ்சுக்குள் நிகழ்வதை எழுதுவோர் குறைவு. இவ்வட்டாரத்து இல்லம் ஒன்றை நாம் மனத்தில் கொள்வோம். அக்காளும் தங்கையும் ஒரே ஆலையில் வேலை செய்கின்றனர். அடுத்த கொட்டகையில் வெடி. இருவரும் ஓடித் தப்புகின்றனர். அக்காள் ஒரு திங்களில் தேறிவிடுகிறாள். தங்கையும் தேறியவளாகவே தோன்றுகிறாள். ஆனால் சில மாதங்களுக்குப் பின், எவ்வோசையும் இல்லாத ஒரு பகற்பொழுதில், பேருந்தில் அமர்ந்திருக்கையில், அவள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, கைகால் மரத்துப் போகின்றன. மவுத்து வந்துவிட்டதென்றே எண்ணுகிறாள். இதயத்தைச் சோதித்த மருத்துவர் குறையொன்றும் இல்லை என்கிறார். அடுத்த வாரம் மீண்டும் அதுவே. அதன் பின் அவள் பேருந்தில் ஏறுவதில்லை.

வீட்டார் ஒருவர் கண்ணேறு என்கிறார்; மற்றொருவர் ஜின்னின் தீண்டல் என்கிறார்; இன்னொருவர் ஈமான் உறுதியாயிருந்தால் இப்படி வருமா என்கிறார். ஊரில் மூத்த பெண்மணி ஒருவர், ‘அவளுடைய நன்னிக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று மெல்லச் சொல்கிறார். அந்த ஒரு சொல் தெருவில் பரவுகிறது. நடந்துகொண்டிருந்த நிக்காஹ் பேச்சு நின்றுபோகிறது.

இது நாம் கற்பித்துக் கொண்ட இல்லமே. எனினும் இதன் சாயலை நம் ஊர்களில் காணாதார் அரியர். நன்னிக்கு இருந்தது பேத்திக்கு வருமா? வருமெனின் அது பழியா, விதியா, நோயா? இவ்வினாக்களுக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அதன் முதல் ஏடுகளில் ஒன்று அரபு மொழியில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம்.

நோயின் இயல்பு

முதற்கண் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும். காரணம் புலப்படாமல் திடீரென எழுந்து, சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தணியும் பேரச்சத்தைப் பீதித் தாக்கு என்பர். நெஞ்சுப் படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், மார்பு வலி, தலைச்சுற்றல், ‘இறந்துவிடுவேன்’ அல்லது ‘பித்துப் பிடித்துவிடும்’ என்ற அச்சம் ஆகியன அதன் குறிகள். ஒருமுறை வந்து போவது நோயாகாது. அது திரும்பத் திரும்ப வந்து, இனி எப்போது வருமோ என்ற கவலை ஒரு திங்களேனும் நீடித்து, வாழ்வின் போக்கையே மாற்றுமாயின் அதனைப் பீதி நோய் என்பர். இருபத்தைந்து நாடுகளின் மக்களிடையே நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வின்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் பீதித் தாக்குக்கு ஆளாவோர் நூற்றுக்கு 13 பேர். பீதி நோய்க்கு ஆளாவோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. ஆடவரினும் பெண்டிரிடம் இது மிகுதி.

பேரிடருக்குப் பின் வரும் மன வடுவும் இதுவும் ஒன்றல்ல. மன வடு உற்றவர் நடந்த நிகழ்ச்சியின் நினைவுக்கு அஞ்சுகிறார். பீதி நோயாளியோ தம் உடலின் துடிப்புக்கே அஞ்சுகிறார். ஆயினும் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவதுண்டு. தைராய்டு சுரப்பு மிகுதி, இதயத் துடிப்புக் கோளாறு போன்றவையும் இத்தகைய குறிகளைக் காட்டுமாதலின் முதலில் உடலைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

பல்கு நாட்டு அறிஞர்

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்கு வட்டாரத்தில் பிறந்தவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்-பல்கீ. கி.பி. 934இல் மறைந்த அவரைப் புவியியலார் நிலப்பட வரைவின் முன்னோடியாக அறிவர். மெய்யியலறிஞர் அல்-கிந்தியின் மாணவரெனவும் அவர் குறிப்பிடப்படுகிறார். அவருடைய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ (உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன) என்னும் நூல் நெடுங்காலம் கையெழுத்துப் படியாகவே இஸ்தான்புல் நூலகத்தில் கிடந்தது. ஃபுவாத் ஸெஸ்கின் 1984இல் அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ அதன் உளநலப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். அதன் பின்னரே உலகம் பல்கீயை மனநல அறிஞராக அறியலாயிற்று.

உடல் நோயுறுவது போன்றே உள்ளமும் நோயுறும் என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. உடல் நோய் சிலரை அணுகாமலே போகலாம். உள்ளத்தின் துன்பமோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர் கண்டது. உள்ளத்தின் கோளாறுகளைச் சினம், அச்சமும் பீதியும், துயரம், வஸ்வாஸ் எனப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இயல் வகுத்தார். அச்சம் முற்றினால் ‘ஃபஸஃ’ எனும் பீதியாகிறது என்றும், அப்போது நிறம் வெளுத்துக் கைகால் நடுங்கும் என்றும் அவர் எழுதினார்.

நம் வினாவுக்கு நேர் விடை தருவது அவர் கூறும் மற்றொரு கருத்து. இத்துன்பங்கள் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. அவரவர் உடல், உள்ளத்தின் வலிமையும் அமைப்பும் வேறுபடுதலால் தாக்கமும் வேறுபடும் என்கிறார் அவர். இவ்வமைப்பை யூனானி மருத்துவர் ‘மிஸாஜ்’ என வழங்கினர். பிறப்போடு வரும் இயல்பும், பின்னர்த் தட்பவெப்பம், வயது, தொழில் ஆகியவற்றால் விளையும் மாற்றமும் சேர்ந்தே ஒருவரின் மிஸாஜ் ஆகும் என்று இப்னு ஸீனாவும் அவர் வழி வந்தோரும் விளக்கினர். பிறவிக் கூறும் சூழற்கூறும் சேர்ந்தே மனிதன் என்னும் இன்றைய முடிவின் பழைய வடிவமாக இதனைக் கொள்ளலாம். மரபணுவைப் பல்கீ அறிந்திருந்தார் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று, அவர் அறியவில்லை. ஆனால் மென்மையான மிஸாஜ் கொண்டவரை அவர் பாவியென்றும் கூறவில்லை, தீராதவரென்றும் கைவிடவில்லை. அதுவே இங்குப் போற்றத்தக்கது.

அவர் கூறிய மருத்துவமும் எண்ணத்தக்கது. மூடுபனியை முதன்முறை காண்பவன் அதனை மூச்சுவிட இடமில்லாத திரளெனக் கருதி அஞ்சுகிறான். உள்ளே நுழைந்த பின்னரே தான் என்றும் சுவாசிக்கும் காற்றே அது என அறிகிறான் என்பது அவர் காட்டும் உவமை. அஞ்சியதைச் சிறிது சிறிதாக அணுகிப் பழகுக என்றும், வீட்டில் மருந்துப் பெட்டி வைத்திருப்பது போல அமைதியான வேளையில் நல்லெண்ணங்களைச் சேமித்து வைத்து அச்சம் எழும்போது எடுத்தாள்க என்றும் அவர் அறிவுறுத்தினார். இன்றைய உளவியலார் பீதி நோயாளிக்குக் கற்பிக்கும் பயிற்சியின் சாரமும் ஏறத்தாழ இதுவே.

நம் மண்ணில் நேர்ந்தது

இஸ்லாமிய நாகரிகம் இவ்வறிவை ஏட்டோடு நிறுத்தவில்லை. 1154இல் திமிஷ்கில் நூருத்தீன் நிறுவிய பீமாரிஸ்தானும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி பீமாரிஸ்தானும் மருத்துவ வரலாற்றில் புகழ் பெற்றவை. மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி அக்கால மருத்துவமனைகளில் இருந்தது. தமிழகத்துச் சித்த மருத்துவமும் மனநோய்களைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டுப் பதினெட்டாகப் பகுத்துள்ளது. ஆக, மனநோயை நோயாகக் காணும் மரபு நமக்கு இருபுறத்திலிருந்தும் வந்துள்ளது.

அம்மரபை நாம் எவ்வளவு மறந்தோம் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் உணர்த்திற்று. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். ஏர்வாடி தர்காவை நாடி வரும் எல்லாச் சமயத்தாரும் அம்மாண்டோருள் இருந்தனர். குற்றம் நம்பிக்கையினுடையதன்று, நோயாளியைக் கட்டிவைப்பதே பராமரிப்பு என எண்ணிய வணிகத்தினுடையதும், அதனைக் கண்டும் காணாதிருந்த சமூகத்தினுடையதும் ஆகும். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக ஏற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் தொடங்கிய ‘தவா–துஆ’ முறை, அதாவது வேண்டுதலோடு மருந்தும் அளிக்கும் முறை, பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது.

சங்கிலியில் கிடந்தோர் பெரும்பாலும் கடும் மனநோயாளர். பீதி நோய் அத்தகையதன்று. ஆயினும் மனநோய் என்ற சொல்லோடு சங்கிலியின் ஓசையும் சேர்ந்தே நம் காதில் விழுகிறது. ஆதலால் எளிதில் தீரத்தக்க நோயையும் குடும்பங்கள் மறைக்கின்றன.

போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு

மேற்குலகில் இந்நோயின் வரலாறு வெடியோசையோடு தொடங்கியது என்பது ஆமத்தூர் வட்டாரத்தாருக்கு வியப்பாகத் தோன்றாது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமின்றியே நெஞ்சுவலியும் படபடப்பும் மூச்சுத் திணறலும் உற்ற வீரர்களை மருத்துவர் ஜேக்கப் மென்டிஸ் டகோஸ்டா ஆராய்ந்து 1871இல் எழுதினார். எரிச்சலுற்ற இதயம் என அவர் அதற்குப் பெயரிட்டார். இதய நோய் என்றே கருதினார். 1895இல் ஃப்ராய்ட் இத்தகைய தாக்குகளை உளநோயாக வகைப்படுத்தினார். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் டோனல்ட் க்ளைன், இமிப்ரமைன் என்னும் மருந்து திடீர்ப் பீதியைத் தணிப்பதையும், பொதுவான கவலையை அவ்வாறு தணிக்காததையும் கண்டார். பீதி தனி நோய் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பெற்றது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்த் தொகுப்பு அதனைத் தனிப்பெயரில் ஏற்றது.

மூச்சடைப்பை அறிவிக்கும் மூளையின் எச்சரிக்கை மணி காரணமின்றி ஒலிப்பதே பீதி என்று 1993இல் க்ளைன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். அச்சத்துக்கு இடமான அமிக்டலா என்னும் மூளைப்பகுதி சிதைந்து, எதற்கும் அஞ்சாத மூவருக்குக் கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அம்மூவரும் பீதியில் துடித்தனர். பாம்பைக் கண்டு அஞ்சாதாரும் தம் மூச்சின் மாற்றத்துக்கு அஞ்சினர். எனவே பீதியைக் கோழைத்தனம் என்பது அறியாமை.

மரபின் பங்கு

நன்னிக்கு வந்தது பேத்திக்கு வருமா என்ற வினாவை ஆய்வாளர் முதலில் இரட்டையரிடம் கேட்டனர். ஒரு கருவில் பிரிந்த இரட்டையர் மரபணுக்கள் அனைத்தையும் பகிர்வர். இரு கரு இரட்டையர் பாதியையே பகிர்வர். நோர்வே நாட்டின் டோர்கர்சன் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கரு இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் இருந்தபோது மற்றவருக்கும் பீதித் தாக்கு இருந்தது நூற்றுக்கு 31 இணைகளில். இரு கரு இரட்டையரிடம் அத்தகைய இணை ஒன்றும் இல்லை. ஆராயப்பட்ட இணைகள் மிகச் சிலவே எனினும் பின்வந்த பெரிய ஆய்வுகளும் அத்திசையையே காட்டின. 2001இல் ஹெட்டெமாவும் உடன் ஆய்வாளரும் அதுவரை வந்தவற்றைத் தொகுத்து, பீதி நோயில் மரபின் பங்கு நூற்றுக்கு 43 எனவும், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு எனவும் கணித்தனர்.

இவ்வெண்களைப் பிழையாகப் பொருள் கொள்வோர் பலர். நூற்றுக்கு 43 என்பது ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பன்று. மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபால் விளைவது எத்துணை என்பதன் அளவு. ஐந்து மடங்கு என்பதும் அச்சுறுத்தும் எண்ணாகத் தோன்றும். பொதுமக்களிடம் நூற்றுக்கு இருவருக்கும் குறைவாக உள்ள நோய் ஐந்து மடங்கானால் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது ஆகும். அதாவது நோயாளியின் மகளாகப் பிறந்தவருள்ளும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்நோய் வருவதில்லை.

அடுத்து எந்த மரபணு என்ற தேடல் எழுந்தது. இதன் வரலாறு அடக்கத்தைக் கற்பிப்பது. 2001இல் பார்சிலோனா ஆய்வாளர், 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டித்திருப்பதே பீதி நோய்க்கு வேர் என அறிவித்தபோது உலகமே வியந்தது. சில ஆண்டுகளுக்குள் பிற ஆய்வுக்கூடங்கள் தேடியும் அதனைக் காணவில்லை. ‘காம்ட்’ போன்ற தனி மரபணுக்களைச் சுட்டிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 2011இல் மியூனிக் நகர ஆய்வாளர் சுட்டிய டிஎம்இஎம்132டி என்னும் மரபணு ஓரளவு ஆதரவு பெற்றது. எனினும் டென்மார்க், எஸ்தோனியா, ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளின் 2,248 நோயாளரையும் 7,992 பிறரையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில், தனித்து நின்று நோயை விளைக்கும் மரபணு மாற்றம் ஒன்றும் சிக்கவில்லை. சிறு சிறு மாற்றங்கள் பல சேர்ந்தே வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதே அதன் முடிவு. 2024இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு, பதற்ற நோய்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கி, மரபணுத் தொகுதியில் ஐம்பதளவு இடங்களைச் சுட்டியது. அவை ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. இத்தரவுகளில் தென்னாசியர் மிகக் குறைவு என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆதலால் குருதியைச் சோதித்து ‘இவளுக்குப் பீதி நோய் வரும்’ என்று சொல்லத்தக்க சோதனை எதுவும் இன்று இல்லை.

சூழலின் பங்கும் பெரிது. வியட்நாம் போர்க்காலத்தில் பணியாற்றிய அமெரிக்க இரட்டையர் நாலாயிரம் இணைகளை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, ஒரே போரைக் கண்டவருள்ளும் மன வடுவின் குறிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை மரபால் வேறுபடுவதைக் காட்டிற்று. எஞ்சியது அவரவர் கண்டதும் பட்டதுமே. வெடிவிபத்தை மரபணு உண்டாக்குவதில்லை. நெஞ்சு இளகியவர் என்று தொழிலாளியைக் குறை கூறிவிட்டு, பாதுகாப்பற்ற கொட்டகையை அப்படியே விட்டுவைப்பது அறமன்று.

வேரின் ஈர்ப்பு

இங்கு ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்தல் பொருந்தும். அபூஹுரைரா (ரலி) அறிவித்து, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி அது. ஃபஸாரா குலத்தார் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் மனைவி கருநிறக் குழந்தையை ஈன்றதாகக் கூறினார். அவர் சொல்லில் ஐயம் தொனித்தது. நாயகம் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைக் கேட்டார்கள், சிவப்பு என்றார். அவற்றுள் சாம்பல் நிறத்தது உண்டா எனக் கேட்டார்கள், உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என வினவியபோது, முன்னோர் வேர் ஏதேனும் இழுத்திருக்கலாம் என்று அவரே சொன்னார். இக்குழந்தையையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நாயகம் விடை பகர்ந்தார்கள். வேர், நரம்பு எனப் பொருள்படும் ‘இர்க்’ என்பதே அங்கு ஆளப்பட்ட சொல். தோற்ற வேறுபாட்டை மட்டும் கொண்டு குழந்தையின் பிறப்பை மறுத்தலாகாது என்னும் சட்டத்தை இதிலிருந்து அறிஞர் வகுத்தனர்.

மரபு என்னும் கருத்து இங்கு எதற்காகப் பயன்பட்டது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஒரு பெண்ணின் மீது விழவிருந்த பழியை நீக்குவதற்கே அது பயன்பட்டது. நாமோ அதே கருத்தைத் தலைகீழாக்கிவிட்டோம். ‘அவளுடைய நன்னிக்கும் இருந்தது’ என்ற சொல், அவள்மீது குற்றமில்லை, இது உடலின் இயல்பு என்று ஆறுதலளிக்க வேண்டிய சொல். நம் தெருக்களில் அது ஒரு நிக்காஹைக் கலைக்கும் சொல்லாகிவிட்டது. நீரிழிவு உள்ள குடும்பத்தில் பெண்ணெடுக்கத் தயங்காதோர் படபடப்பு உள்ள குடும்பத்தைக் கண்டு பின்வாங்குகின்றனர். இரண்டிலும் மரபுக்குப் பங்குண்டு. இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

மரபால் வந்தது மருந்துக்கு அடங்காது என்பதும் பிழையே. அறிதல்–நடத்தைப் பயிற்சியாலும், மூளையில் செரட்டோனின் அளவைச் சீராக்கும் மருந்துகளாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர்.

நாம் கற்பித்துக் கொண்ட இல்லத்துக்குத் திரும்புவோம். அக்காளும் தங்கையும் ஒரே நன்னியின் பேத்தியர். ஒரே வெடியைக் கேட்டவர். ஒருத்திக்கு வந்தது, மற்றொருத்திக்கு வரவில்லை. மரபு விதியன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநலச் சேவை, 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் ஆலோசனை வழங்குகிறது. ஜமாஅத்துகளும் மதரஸாக்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனநல மருத்துவரை அழைத்து மக்களோடு பேசச் செய்வது அரிய செயலன்று.

எனினும் முதல் மருத்துவம் வீட்டிலேயே தொடங்குகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ‘மவுத்து வந்துவிட்டது’ என்று அலறும் பெண்ணிடம், ஈமானைப் பற்றி வினவாமல், அருகில் அமர்ந்து, ‘இது சற்று நேரத்தில் தணிந்துவிடும்; உன் நன்னிக்கும் தணிந்தது; நாளை இருவரும் மருத்துவரிடம் செல்வோம்’ என்று அக்காள் சொல்வாளாயின், பல்கீ எழுதிய ஏட்டின் பயன் ஆமத்தூர் வரை வந்து சேர்ந்தது எனலாம்.